ஆற்றுவாழையும் ஒரு பழைய சட்டமும்

மாரிவெள்ளம் மட்டக்களப்பு வாவியில் வந்து கலக்கும்போது அதனோடு ஆற்றுவாழையும் மிதந்து வந்து புளியந்தீவின் கரைகளில் ஒதுங்குகிறது. அதன் ஊதாப் பூவைக் கண்டு மகிழ்வோர் உண்டு. தோணி செலுத்தவும் வலை வீசவும் இடமின்றி நிற்கும் மீனவர்க்கோ அது பகை.

தென் அமெரிக்காவே இதன் தாயகம். ஹொங்கொங்கில் ஆளுநராயிருந்து, 1903இல் இலங்கைத் தேசாதிபதியாக வந்த சர் ஹென்றி பிளேக்கின் பாரியாரே இதனை அழகுச் செடியாகத் தருவித்தார் என்பர். சிங்கள மக்கள் இதற்கு ஜப்பானின் பெயரைச் சூட்டியது வேடிக்கையே. சில ஆண்டுகளில் இது நீர்நிலைகளில் பரவவே, 1909இல் அரசாங்கம் இதற்கென்றே ஒரு கட்டளைச்சட்டம் இயற்றிற்று. ஒரு பூண்டுக்குத் தனிச் சட்டம்! ஆயினும் ஓடுதண்டில் குட்டி ஈனும் செடியையும், சேற்றில் பல்லாண்டு உறங்கும் அதன் விதையையும் சட்டம் என்ன செய்யும்?

1939இல் தாவரவியற் கல்விக்காகக் கொழும்புக்கு வந்த சல்வீனியாவும் இவ்வாறே தப்பி வயல்களையும் குளங்களையும் மூடிற்று. அதனை அடக்கியது ஒரு சிறு வண்டு. பிரேசிலிற் கண்டெடுத்து அவுஸ்திரேலிய அறிஞர் சோதித்த அவ்வண்டு இலங்கையில் 1986இல் விடப்பட்டது. பல இடங்களில் சல்வீனியா நலிந்தது. ஆற்றுவாழைக்கென வந்த வேறொரு வண்டு அத்துணை வல்லமை காட்டவில்லை.

வாவிக்கு வாய்த்த காவல் உப்பு. முகத்துவாரம் திறந்து கடல்நீர் ஏறினால் ஆற்றுவாழை வாடி அழுகும். ஆனால் அழுகும் செடி நீரிலுள்ள பிராணவாயுவைக் குறைத்துவிடுவதால் மீனுக்கு அதுவும் கேடே. ஆதலால் அது பச்சையாக மிதக்கும்போதே இழுத்துக் கரையேற்றவேண்டும். கரையிற் குவித்து மக்கவிட்டால் தோட்டத்துக்கு உரமாகும்.