மூடுகோணக் கிளாகோமா: எழும்பூரிலிருந்து திருவள்ளூர் கிராமங்கள் வரை

கண்ணுக்குள் ஊறும் நீர், கார்னியாவும் ஐரிஸும் சேரும் மூலை வழியாக வடிகிறது. வயது ஏற ஏற லென்ஸ் தடித்து ஐரிஸை முன்னே தள்ளினால், பிறவியிலேயே இடம் குறைந்த கண்களில் அந்த மூலை அடைபடும். 10 முதல் 21 மி.மீ. பாதரச அளவில் இருக்க வேண்டிய அழுத்தம், திடீரென அடைத்தால் 50-ஐயும் தாண்டும். அந்த அழுத்தத்தில் பார்வை நரம்பு கண்ணைவிட்டு வெளியேறும் சல்லடைத் தகடு வளைந்து, அதற்குள் செல்லும் நார்கள் நசுங்குகின்றன. ஒரு கண்ணுக்குச் சுமார் 10 லட்சம் நார்கள். செத்தவை மீண்டும் முளைப்பதில்லை. இதுதான் மூடுகோணக் கிளாகோமா.

சென்னையில் கிளாகோமாவோடு நடந்த போராட்டம் நீண்ட காலம் அழுத்தத்தோடு மட்டுமே நடந்தது. 1819இல் தொடங்கிய மெட்ராஸ் கண் மருத்துவமனைக்கு 1904இல் தலைமையேற்ற ராபர்ட் ஹென்றி எலியட், 1909இல் ஒரு அறுவைச் சிகிச்சையை வெளியிட்டார். வெண்படலத்தை மடித்து விலக்கி, கார்னியாவின் ஓரத்தில் சிறு குழாய்க் கத்தியை விரல்களால் உருட்டித் திருகி, 2 மி.மீ. அளவுக்கு வட்டத் துளை போடுவார். நீர் அத்துளை வழியே கசிந்து படலத்தின் அடியில் வடியும். எழும்பூரில் இருந்த அந்த மருத்துவமனையில் பிறந்த முறை உலகமெங்கும் பரவியது. ஆனால் மூலை திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று அன்று யாரும் பார்த்துப் பிரிக்கவில்லை. கோனியோஸ்கோப் லென்ஸால் மூலையைப் பார்த்து நோயை இரண்டாக வகுக்கும் முறையை ஓட்டோ பார்க்கன் 1938இல்தான் நிலைநாட்டினார்.

அந்தப் பார்வை திருவள்ளூர் கிராமங்களுக்கு வர அறுபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. சங்கர நேத்ராலயா கண் மருத்துவமனையின் எல். விஜயா, ரோனி ஜார்ஜ் குழுவினர் நடத்திய சென்னை கிளாகோமா ஆய்வு 2001இல் தொடங்கியது. அதன் கிராமப் பகுதி, திருவள்ளூர் மாவட்டத்திலும் காஞ்சிபுரம் மாவட்டத்திலும் இருந்தது. 40 வயதைக் கடந்த 3,924 பேருக்குப் பரிசோதனை நடந்தது. மங்கிய வெளிச்சத்தில் நான்கு கண்ணாடிகள் பதித்த லென்ஸைக் கண்மேல் வைத்து, மூலை எவ்வளவு திறந்திருக்கிறது என்று பார்த்தார்கள். அழுத்தத்தை மட்டும் அளந்திருந்தால் இது புலப்பட்டிருக்காது.

நரம்பே பழுதான மூடுகோண நோயாளிகள் 34 பேர், அதாவது 0.87 சதவீதம். அதைவிட முக்கியமானது இன்னொரு எண்: 6.27 சதவீதம் பேருக்கு மூலை ஆபத்தான அளவு குறுகியிருந்தது, அழுத்தமும் நரம்பும் இன்னும் கெடவில்லை. தலைவலியும் வாந்தியும் விளக்கைச் சுற்றி வானவில் வளையமுமாக வரும் திடீர் தாக்குதலைத்தான் பலரும் இந்நோயின் அடையாளமாக நினைக்கிறார்கள். நம் ஊரில் பெரும்பாலோருக்கு அது வலியில்லாமல், பக்கப் பார்வையை மெல்லக் கரைத்துக்கொண்டே வருகிறது.

குறுகிய மூலை உள்ள எல்லோருக்கும், அது அடைபடாமலிருக்க, லேசரால் ஐரிஸில் துளையிடலாமா என்ற கேள்விக்கு, சீனத்தின் குவாங்சோவில் 889 பேரை ஆறு ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2019இல் விடை தந்தது. லேசர் ஆபத்தை ஏறக்குறைய பாதியாக்கியது. ஆனால் லேசர் செய்யாத கண்களிலும் நோய் முற்றியது அரிதே. அதனால் எல்லோருக்கும் துளையிடத் தேவையில்லை என்று ஆய்வாளர்கள் முடிவு செய்தார்கள். அழுத்தம் ஏறிவிட்ட கண்ணுக்கு லேசரும் சொட்டு மருந்தும் உண்டு. தடித்த லென்ஸையே எடுத்துவிடுவது தொடக்கச் சிகிச்சையாகவே பலன் தருவதை 2016இல் வெளியான ஈகிள் ஆய்வு காட்டியது.