ஊவாத் தோட்டங்களும் மேய்ப்பு நாயும்: ஒரு வரலாற்று நோக்கு

விலங்கொன்றின் தேவை யாது என்னும் வினாவுக்கு அதன் உடலமைப்பை மட்டும் நோக்கி விடை கூறல் இயலாது. அதனை உருவாக்கிய தொழிலையும், அத்தொழிலுக்கு இடமளித்த நிலத்தையும் நோக்குதல் வேண்டும். ஆட்டு மந்தையை வளைத்துச் செலுத்தும் 'போர்டர் கொலி' நாயைப் பதுளைப் பகுதித் தோட்டங்களில் வளர்க்க விரும்புவோர்க்கு இக்கருத்துப் பெரிதும் பொருந்தும்.

இந்நாய் இங்கிலாந்தும் ஸ்கொட்லாந்தும் சந்திக்கும் எல்லைக் குன்றுகளில் உருவானது. 1893இல் பிறந்த 'ஓல்ட் ஹெம்ப்' என்னும் நாய் இவ்வினத்தின் மூதாதையாகப் போற்றப்படுகின்றது. 1906இல் தோன்றிய சர்வதேச மேய்ப்பு நாய்ச் சங்கம் அழகையன்றித் தொழிற்றிறனையே அளவுகோலாகக் கொண்டது. நாள் முழுதும் குன்றேறி ஓடுதல், சீழ்க்கைக்குப் பணிதல், பார்வையாலேயே ஆட்டை அடக்குதல் ஆகியன தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுக்கப்பட்ட பண்புகளாம். எனவே தொழில் இதற்குச் சுமையன்று. உணவைப் போன்றதொரு தேவையாகும்.

தமிழகத்துக் கிடை நாயின் நிலை வேறு. வயலுக்கு எருவாகும் பொருட்டு ஆடுகளை இரவில் அடைக்கும் கிடையில், நரிக்கும் கள்வனுக்கும் எதிராக விழித்திருத்தலே அதன் கடமை. முன்னையது செலுத்தும் நாய். பின்னையது காக்கும் நாய்.

ஊவாவில் மந்தைக்கு நேர்ந்தது யாது? 1818ஆம் ஆண்டுக் கிளர்ச்சியைப் பிரித்தானியர் அடக்கியபோது கால்நடைகள் பெருமளவில் அழிக்கப்பட்டன. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், உரிமை நிறுவப்படாத காடுகளையும் தரிசு நிலங்களையும் முடிக்குரியனவாகக் கொண்டது. பின்னர்க் கோப்பி பரவிற்று. 1869இல் மடுல்சீமைப் பகுதியில் காணப்பட்ட இலைநோய் கோப்பியை வீழ்த்த, தேயிலை அதன் இடத்தைப் பெற்றது. பயிர் மாறிற்றேயன்றி மேய்ச்சல் நிலம் மீளவில்லை. தோட்டத்து மாடுகள் எருவின் பொருட்டுத் தொழுவத்திலேயே புல்லூட்டி வளர்க்கப்பட்டன. தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து வந்த தொழிலாளர் குடும்பங்களுக்கோ ஏறத்தாழ 12 அடிக்கு 10 அடி கொண்ட லயக் காம்பராவே கிடைத்தது. அவர்தம் நாய் வாசலையும் மரக்கறிப் பாத்தியையும் காத்தது. செலுத்துதற்குரிய மந்தை அங்கு இருக்கவில்லை.

இத்தகைய நிலத்தில் சங்கிலியிற் கட்டப்பட்ட கொலி நாய் ஓயாது குரைக்கும், மண்ணைத் தோண்டும், அவிழ்த்துவிடின் சிறுவரையும் வாகனங்களையும் வளைத்துத் துரத்தும். இதனைக் குற்றமெனக் கொண்டு அடித்தல் பேதைமை. அது வேலையிழந்த திறனின் வெளிப்பாடேயாகும். மலையகத்தின் குளிர்ந்த காலையிலும் மாலையிலும் நீண்ட ஓட்டம், நாள்தோறும் கட்டளைப் பயிற்சி, மறைத்த பொருளைத் தேடிக் கொணரும் விளையாட்டு, அடர்ந்த மயிரில் உண்ணியும் அட்டையும் தங்காவாறு காத்தல், விசர்நோய்த் தடுப்பூசி ஆகியன அதற்கு இன்றியமையாதன. இவற்றுக்கு நேரமும் இடமும் இல்லாதார் அந்நாயை விரும்பாதிருத்தலே அதற்குச் செய்யும் அன்பாகும்.

நிலத்திலிருந்து தொழில் நீங்கும்போது அத்தொழிலுக்கென உருவான உயிரும் அல்லலுறுகின்றது. லயத்து மனிதருக்கு இடமளிக்காத வரலாறு இதனை முன்னரே உணர்த்தியிருக்கின்றது.