மண்ணெண்ணெயில ஓடுமோ?

எங்களுக்கு ஒரு கார் தேவைப்பட்டது. பழசென்றாலும் பரவாயில்லை. ஆனால் இரண்டு நிபந்தனைகள் இருந்தன. ஒன்று, பெற்றோல் அதிகம் குடிக்கக்கூடாது. மற்றது, இரண்டு சைக்கிளாவது உள்ளுக்குள் கொள்ள வேண்டும்.

நாங்கள் கூட்டமாகச் சைக்கிள் ஓடி ஊர்களைப் பார்க்கிற ஆட்கள். பருத்தித்துறையில் இருந்து புறப்படுகிறவர் யாழ்ப்பாணம் வந்து, பண்ணைப் பாலம் ஏறி, தீவுப்பகுதிக்குள் மிதித்துக் குறிகட்டுவான் சேரும்போதே பாதி உயிர் போய்விடும். சோளகக் காலத்தில் பண்ணையில் எதிர்க்காற்றுக்கு மிதித்தவர்களுக்கு இது விளங்கும். பாதித் தூரம் காரில் போய், மிச்சத்தை ஆறுதலாக ஓடலாம் என்பதுதான் யோசனை.

யோசனை கேட்க வயதான மெக்கானிக் ஒருவரிடம் போனோம். லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடும் என்று நாங்கள் ஒவ்வொரு காராகக் கேட்க, அவர் சிரித்தார். "பிள்ளையள், நீங்கள் லீற்றர்க் கணக்குக் கேக்கிறியள். அந்த நாளில எங்களிட்டக் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். மண்ணெண்ணெயில ஓடுமோ?"

நாங்களும் சிரித்துவிட்டு வந்தோம். பிறகு யோசித்துப் பார்த்தால், யாழ்ப்பாணத்தின் முப்பது வருட வரலாறு அந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கியது. யாழ்தேவி நின்றது. தெற்கோடு இருந்த தரைப்பாதை அடைபட்டது. மின்சாரம் போனது. பெற்றோல், பற்றறி, சீமெந்து, உரம் என்று குடாநாட்டுக்குள் வரக்கூடாத பொருட்களின் பட்டியல் நீண்டது. விளக்கெரிக்கவும் அடுப்பெரிக்கவும் மண்ணெண்ணெய் மட்டும் அளவோடு வந்தது. அதில்தான் வாகனங்களும் ஓடத் தொடங்கின.

எல்லா வாகனமும் ஓடவில்லை. பேர் எடுத்தவை ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் போன்ற பழைய ஆங்கிலேயக் கார்கள். 1950களில் இலங்கைக்கு வந்தவை. 1960களின் தொடக்கத்தில் நாட்டில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு வந்து கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. அதனால் இருந்ததைத் திருத்தித் திருத்தி ஓடுகிற பழக்கம் எங்கள் கராச்சுகளுக்குள் அப்போதே ஊறிவிட்டது. 1990இல் அந்தக் கார்களுக்கு முப்பது, நாற்பது வயது.

அவை மண்ணெண்ணெயில் ஓடியதற்குக் காரணம் உண்டு. எஞ்சின் சிலிண்டருக்குள் பெற்றோலும் காற்றும் கலந்த கலவை பற்றவைக்கப்படுமுன் அமுக்கப்படுகிறது. அமுக்கம் கூடக்கூட அதே எரிபொருளில் இருந்து கிடைக்கும் வேலையும் கூடும். ஆனால் மண்ணெண்ணெய் அதிக அமுக்கம் தாங்காது. நேரத்துக்கு முன்னரே வெடித்து எஞ்சினை 'டக் டக்' என்று தட்டும். ஏ40 காலத்து எஞ்சின்கள் கலவையை ஏறத்தாழ ஏழில் ஒரு பங்காகத்தான் அமுக்கின. அந்தச் சோம்பல்தான் அவற்றைக் காப்பாற்றியது. பிரித்தானியாவிலேயே அந்தக் காலத்தில் பெர்கசன் உழவு இயந்திரங்களில் ஒரு வகை, மண்ணெண்ணெய் போன்ற எண்ணெயில் ஓடுவதற்கென்றே செய்யப்பட்டது. எங்கள் ஆட்கள் அதைக் கார்களில், தங்கள் கைப்பழக்கத்தை மட்டும் நம்பிச் செய்தார்கள்.

இன்னொரு சிக்கல், மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. அதனால் எஞ்சின் சூடாகும்வரை பெற்றோல் வேண்டும். சின்னப் போத்தலில் இருக்கும் பெற்றோலில் சில சொட்டைக் காபறேற்றருக்குள் விட்டு ஸ்ராற் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புகை வரும். பிளக் கரி பிடிக்கும். எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கும். ஆனாலும் ஓடியது.

இந்தக் கதையை எங்கள் வீடுகளில் பெருமையாகத்தான் சொல்வார்கள். பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் அதோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். காருக்கு ஊற்றின ஒவ்வொரு போத்தலும் ஏதோ ஒரு வீட்டு விளக்குக்குப் போயிருக்க வேண்டியது. அதே காலத்தில்தான் பிள்ளைகள் ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டு, திரி போட்டு, அந்த வெளிச்சத்தில் சோதனைக்குப் படித்தார்கள். ஆகவே கார் என்பது கலியாணத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு என்று பிடிக்கிற சாமான். மற்ற எல்லாவற்றையும் சுமந்தது சைக்கிள்.

விறகு, நெல்மூட்டை, வெங்காயம், நோயாளி, பார்ச் சட்டத்தில் ஒரு பிள்ளை, கரியரில் இன்னொரு பிள்ளை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டதும் அதே சைக்கிளில்தான். ஆனையிறவுப் பாதையும் சங்குப்பிட்டிப் பாதையும் இல்லாமல் போனபின் சனம் கிளாலிக் கடலால் போனது. எஞ்சின் பூட்டிய ஒரு படகு மற்றப் படகுகளைக் கட்டி இழுக்க, இருட்டுக்குள், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போனார்கள். படகுக்குள் சைக்கிள்களும் ஏறின. அக்கரையில் இறங்கி வவுனியாப் பக்கம் மிதித்துப் போனவர்கள் உண்டு. எங்கள் பகுதியில் ஒரு வாகனம் சைக்கிளை ஏற்றிச் சென்ற கதைகளில் மறக்கக்கூடாத கதை இதுதான்.

1995 ஒக்ரோபர் 30. வலிகாமம் முழுவதும் மழைக்குள் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்த இரவு. இலட்சக்கணக்கான சனம் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்தது. அன்றைக்குச் சைக்கிள் வைத்திருந்தவர்களில் பலர் அதில் ஏறி ஓடவில்லை. ஓட இடமில்லை. சாமானையும் கிழவர்களையும் ஏற்றி உருட்டிக்கொண்டு நடந்தார்கள்.

இப்போது எங்கள் காருக்கு வருவோம். இன்றைய ஹைபிரிட் எஞ்சின்கள் சிக்கனமாக ஓடுவதற்கு ஒரு காரணம், அவற்றின் அமுக்க விகிதம் பெயரளவில் பதின்மூன்று அளவுக்கு உயர்ந்திருப்பது. அதே காரணத்தால் அவற்றுக்கு மண்ணெண்ணெய் ஒத்துக்கொள்ளாது. கிடைத்ததைக் குடித்து ஓடின ஏ40 ஒரு விதச் சிக்கனம். நல்லதைக் கொஞ்சமாகக் குடிக்கிற ஹைபிரிட் இன்னொரு விதச் சிக்கனம். இரண்டும் ஒரே எஞ்சினில் கிடைப்பது கஷ்டம்.

இது பழங்கதை இல்லை என்பதை 2022 காட்டியது. அந்த ஜூனில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவானது. கியூஆர் அட்டை வந்தபோது காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர். ஓகஸ்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாவில் இருந்து 340க்கு ஏறியது. படகுக்காரர்களின் வயிற்றில் அடித்த விலை அது. இந்த முறை மண்ணெண்ணெய்க்குத் தாவ வழியே இல்லை. எஞ்சினும் விடாது, விலையும் விடாது. வீட்டுப் பின்புறத்தில் கறள் பிடித்துக் கிடந்த சைக்கிள்கள்தான் திரும்ப றோட்டுக்கு வந்தன.

ஆகவே காருக்குள் சைக்கிள் கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையை, லீற்றர்க் கணக்குக்குச் சமமாக வைத்தோம். ஒரு லுமாலா சைக்கிளையும் அளவு நாடாவையும் கொண்டு திரிந்தோம். பெரிய சைக்கிள் ஒன்று நீளத்தில் ஆறடி வரும். மட்காட்டும் கம்பிப் பிறேக்கும் உள்ள பழைய சைக்கிளில் முன்சில்லைக் கழற்றுவது லேசுப்பட்ட வேலை இல்லை, சாவியும் பொறுமையும் வேண்டும். தனி டிக்கி வைத்த கார்கள் அந்த இடத்திலேயே தோற்றன. பின்கதவு மேலே திறக்கிற கார்களில் பிறியஸ் எண்ணெய்க் கணக்கில் நல்லது, ஆனால் பின்கண்ணாடி சரிந்து வருவதால் ஹாண்டில் இடிக்கும். வகன்ஆர் சின்ன 660 சிசி கார், கூரை உயரம். ஹொண்டா பிற்றில் எண்ணெய்த் தாங்கி முன் இருக்கைகளுக்குக் கீழே இருக்கிறது. அதனால் பின்தளம் பதிவு, பின் இருக்கையையும் மடக்கலாம். முன்சில்லைக் கழற்றினால் இரண்டு சைக்கிள் கொள்ளும் என்பது எங்கள் கணக்கு. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியாருக்குத் திரும்பத் திறந்தது. அதனால் பழைய காருக்கும் விலை இறங்கவில்லை. இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறோம்.

மெக்கானிக் ஐயாவிடம் திரும்பப் போய்ச் சொன்னோம். "மண்ணெண்ணெயில ஓடாது ஐயா. ஆனா சைக்கிள் கொள்ளும்."

"அப்ப காணும்," என்றார். "நடுவழியில நிண்டாலும் வீட்ட வந்து சேரலாம்."

உங்கள் வீட்டிலும் அந்தக் காலத்துக் காரோ சைக்கிளோ இருந்திருக்கும். அதை ஓட்டினவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். எப்படி ஓட்டினார்கள் என்பதோடு, யாரை ஏற்றினார்கள், எந்த விளக்கை அணைத்துவிட்டு ஓட்டினார்கள் என்றும் கேளுங்கள்.