நம்பாதவரின் சந்தூக்கை யார் தூக்குவது?

கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள்.

கல்வியியற் கல்லூரியில் என்னோடு படித்த நண்பன் ஒருவன் படுவான்கரையில் ஆசிரியராக இருக்கிறான். போன வருடம் அவனுடைய அப்பா காலமானார். பழைய இடதுசாரி. தொழிற்சங்கம், புத்தகம், தேத்தண்ணிக் கடை விவாதம் என்று வாழ்ந்த மனிதர். தான் செத்தால் ஐயர் வேண்டாம், தேவாரம் வேண்டாம், எட்டுச் செலவும் வேண்டாம் என்று மகனிடம் சொல்லி வைத்திருந்தார்.

நான் போய்ச் சேர்ந்தபோது உறவினர்கள் முற்றத்தில் இரண்டு கூட்டமாக நின்றார்கள். "அவர் சொன்னபடி செய்வோம்" என்று ஒரு பக்கம். "சனம் என்ன சொல்லும், பொம்புளப் புள்ளையள் இன்னும் கட்டிக் குடுக்கக் கிடக்கு" என்று மறுபக்கம். சண்டை ஒன்றும் நடக்கவில்லை. எதைச் செய்யக் கூடாது என்பதற்கு அவர் பட்டியல் தந்திருந்தார். எதைச் செய்வது என்பதற்கு யாரிடமும் ஒன்றும் இருக்கவில்லை. பின்னேரம் அவருடைய பழைய தோழர் ஒருவர் வந்து, எழுதிக்கொண்டு வந்த இரண்டு பக்கத்தை வாசித்தார். பிறகு தூக்கினோம். நானும் ஒரு பக்கம் பிடித்தேன்.

இரவு நண்பன் கேட்டான்: "மச்சான், உங்கட ஊர்ல ஒருத்தர் மௌத்தானா பள்ளியில ஒரு அறிவிப்புத்தான். குளிப்பாட்ட, கபுறு வெட்ட, சந்தூக்குத் தூக்க எல்லாத்துக்கும் ஆள் தானா வரும். எங்க அப்பா மாதிரி ஆக்களுக்கும் அப்பிடி ஒரு இடம் வேணாமா?"

அல்லாஹ்வை நம்புகிற எனக்கு இது தேவையில்லாத கேள்வி என்று விட்டுவிடலாம். ஆனால் விட முடியவில்லை. தேடி வாசித்தேன். வாசித்ததில் எனக்குப் பட்டதை எழுதுகிறேன்.

தமிழில் இந்தக் கதை நாம் நினைப்பதைவிடப் பழையது. 1882இலேயே சென்னையில் இலௌகிக சங்கம் என்று ஒன்று 'தத்துவ விவேசினி' என்ற பத்திரிகையை நடத்தியது. இலண்டனில் சார்ள்ஸ் பிராட்லா நடத்திய இயக்கத்தைப் பார்த்துத் தொடங்கியது. கடவுள், சாதி, சடங்கு எல்லாவற்றையும் கேள்வி கேட்டது. 1888இல் பத்திரிகை நின்றது. அதன் பிறகு ஆய்வாளர்கள் தோண்டி எடுக்கும் வரைக்கும் அதை நினைவு வைத்திருக்க ஆளில்லை.

ஐம்பது வருடம் கூட ஆகவில்லை, பெரியார் வேறு வழியில் போனார். பேச்சும் பத்திரிகையும் அவரிடமும் இருந்தன. 1925இல் 'குடி அரசு' தொடங்கியாயிற்று. 1932இல் ஐரோப்பாவிலிருந்து திரும்பும்போது இலங்கையிலும் இறங்கிப் பேசிவிட்டுத்தான் போனார். ஆனால் அவருடைய இயக்கத்தைச் சாதாரணச் சனத்தின் வீட்டுக்குள் கொண்டுபோனது கலியாணம் என்றுதான் நான் நினைக்கிறேன். ஐயர் இல்லை, மந்திரம் இல்லை. நல்ல நேரம் பார்ப்பதில்லை. வேண்டுமென்றே இராகு காலத்தில் வைத்தவர்களும் உண்டு. மாப்பிள்ளையும் பெண்ணும் நாலு பேர் முன்னிலையில் ஒப்பந்தம் சொல்லி மாலை மாற்றினால் சரி. சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு மணித்தியாலம், இரண்டு மணித்தியாலம் பேச்சு. (பசியோடு இருந்தவர்களை நினைத்துப் பார்க்கிறேன். நம் நிக்காஹ் மஜ்லிஸில் சில மௌலவிமாரின் பயானும் அப்படித்தான்.) விதவைகளும் சாதி மாறிக் கட்டியவர்களும் ஊர் ஒதுக்கினால் போய்ச் சேர ஒரு இடம் கிடைத்தது. பிள்ளைக்குப் பெயர் வைப்பதற்கும் அவரிடமே வந்தார்கள். திருச்சியில் நாகம்மை குழந்தைகள் இல்லம் உருவானது. அங்கே வளர்ந்த பிள்ளைகளுக்குப் பெரியார், மணியம்மை பெயர்களின் எழுத்துகளே முதலெழுத்து. பெற்றவர் இல்லாத பிள்ளைக்கு இயக்கமே வாப்பாவும் உம்மாவும் ஆகிவிட்டது.

அதற்கு விலையும் இருந்தது. 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் இந்தக் கலியாணங்கள் சட்டப்படி செல்லாது என்று சொல்லிவிட்டது. கொள்கைக்காகக் கட்டியவர்களின் பிள்ளைகள் சொத்து வழக்கில் முறையற்ற பிள்ளைகளாகிப் போனார்கள். அண்ணா முதலமைச்சராகி 1967இல் சட்டம் கொண்டுவந்த பிறகுதான், முன்னர் நடந்தவற்றையும் சேர்த்து, எல்லாம் செல்லுபடியாயின. ஆனால் அந்தச் சட்டம் என்ன? இந்து திருமணச் சட்டத்துக்கு ஒரு திருத்தம்! கடவுள் இல்லை என்று சொல்லி மாலை மாற்றிய இருவரைச் சட்டம் இன்றைக்கும் இரண்டு இந்துக்களாகத்தான் பதிகிறது.

நம்மவர்களுக்குத் தெரிந்த இன்னொரு விஷயம். 1947இல் திருச்சியில் பேசும்போது, சாதி இழிவிலிருந்து தப்ப இஸ்லாத்துக்குப் போங்கள் என்று பெரியார் சொன்னார். நம் மேடைகளில் இதைப் பெருமையாக எடுத்துச் சொல்வோம், கைதட்டும் வாங்குவோம். அவர் அகீதாவைப் பார்த்து அதைச் சொல்லவில்லை. ஒரே ஸஃப்பில் நிற்கிற, ஒரே தட்டில் சாப்பிடுகிற ஜமாஅத்தைப் பார்த்துச் சொன்னார். கடவுளை மறுத்தவருக்கு அதன் பெறுமதி விளங்கியிருந்தது.

கூடவே ஒரு கோயிலின் வருத்தங்களும் அந்த இயக்கத்துக்கு வந்தன. சிலை, பிறந்தநாள் மாலை, உறுதிமொழி, கறுப்புச் சட்டை, தலைவர் சொன்னால் மறுபேச்சில்லை. 1949இல் பெரியார் மணியம்மையைக் கட்டியதை ஒரு காரணமாகக் காட்டி ஒரு பெருங்கூட்டமே பிரிந்துபோய் தி.மு.க. ஆனது. பள்ளி நிர்வாகம் இரண்டாகப் பிரிந்து இரண்டு ஜும்ஆ நடந்த ஊர்களைக் கண்ட நமக்கு இது புதினமில்லை. ஆனாலும் 1973 டிசம்பரில் பெரியார் இறந்தபோது, என்ன செய்வது என்று யாரும் முற்றத்தில் முழித்துக்கொண்டு நிற்கவில்லை. பெரியார் திடலில் அரசு மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். வருடாவருடம் அங்கே கூடுகிறார்கள்.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். ஆபிரகாம் கோவூர் 1898இல் திருவல்லாவில் பிறந்தவர். தகப்பன் மார்த்தோமா சபையின் குருவானவர். 1928இல் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்குத் தாவரவியல் படிப்பிக்க வந்து, 1959இல் கொழும்பு தேர்ஸ்டன் கல்லூரியில் ஓய்வுபெற்றார். ஒரு ஆசிரியராக எனக்கு அவர்மேல் மரியாதை உண்டு. பேய் என்றும் செய்வினை என்றும் பயந்தவர்களைத் தேடிப்போய் ஆறுதலாகப் பேசியவர். அற்புதம் செய்து காட்டினால் ஒரு இலட்சம் ரூபாய் என்று 1963இல் சவால் விட்டார், யாரும் வெல்லவில்லை. அவர் கையாண்ட சம்பவமொன்று 1973இல் 'மறுபிறவி' என்ற தமிழ்ப் படமானது. இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத்துக்கு 1960 முதல் சாகும்வரை அவரே தலைவர். 1978இல் கண்ணைக் கண் வங்கிக்கும் உடலை மருத்துவ பீடத்துக்கும் எழுதிவைத்துவிட்டுப் போனார்.

தன்னுடைய மௌத்துக்கு அவர் வழி வைத்திருந்தார். கொழும்பில் படித்தவர், சட்டத்தரணி தெரிந்தவர், மன உறுதியுள்ளவர் அப்படிச் செய்யலாம். படுவான்கரையில் ஒரு ஓய்வுபெற்ற லிகிதரின் மனைவிக்கும் மக்களுக்கும் அது எப்படி உதவும்? கோவூரின் சங்கம் சவால் விட்டது, புத்தகம் போட்டது. ஒரு செத்த வீட்டுக்குக் கதிரை கொண்டுவந்து போடும் சங்கமாக அது வளரவில்லை. இலண்டனில் 2013இல் நகைச்சுவைக் கலைஞர் இருவர் ஒரு பழைய தேவாலயத்தில் கடவுள் இல்லாத ஞாயிறு வழிபாடு தொடங்கினார்கள். பாட்டு, பேச்சு, தேத்தண்ணி. வேகமாகப் பரவி, சில வருடங்களில் பல ஊர்களில் அடங்கியும் போனது. பாட்டுப் பாட மட்டும் சனம் எத்தனை ஞாயிறுக்கு வரும்?

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்பீர்கள். 2020ஐ நினைத்துப் பாருங்கள். நம் ஜனாஸாக்களை எரித்தார்கள். பிறந்து இருபதே நாளான பச்சைக் குழந்தையையும் எரித்தார்கள். 2021 மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்க இடம் கிடைக்கும்வரை நாம் பட்ட பாடு என்ன? அந்த மண்ணில் நம்மோடு மற்ற மதத்தவர்களும் அடங்கியிருக்கிறார்கள். இறந்தவர் விரும்பாத விதத்தில் அவரை அனுப்பினால் வீட்டாருக்கு எப்படி இருக்கும் என்று இந்த மாவட்டத்தில் நம்மைவிட யாருக்குத் தெரியும்?

நம் ஊரிலும் ஈமான் தளர்ந்தவர்கள் இருக்கிறார்கள். ஜும்ஆவுக்கும் வருகிறார்கள். வெளியே சொன்னால் பிள்ளையின் கலியாணத்துக்கும் தன் ஜனாஸாவுக்கும் ஆள் இராது என்ற பயத்தில் வருகிறார்கள். இரண்டு முஸ்லிம்கள் பொதுச் சட்டத்தில் கலியாணம் பதியவும் முடியாது. அவர்களின் கணக்கு அல்லாஹ்விடம். பயத்தில் நிரம்பும் ஸஃப்பை எண்ணி நாம் சந்தோஷப்படலாமா என்பது மட்டும் என்னை உறுத்துகிறது.

நண்பனின் கேள்விக்கு வருகிறேன். தனியாக ஒரு 'நாத்திகர் பள்ளிவாசல்' கட்ட அவனுடைய ஊரில் நாலு பேர் கூடத் தேறமாட்டார்கள். ஆனால் அன்றைக்குப் பந்தலும் கதிரையும் எங்கிருந்து வந்தன என்று பிறகுதான் விசாரித்தேன். ஊர் மரண ஆதார சங்கம். அப்பா பழைய அங்கத்தவர். சந்தா ஒரு மாதமும் நிலுவையில்லை. அவர் எதை நம்பினார் என்று சங்கம் கேட்கவில்லை.

இப்போது அவன் அந்தச் சங்கத்தின் பொதுக்கூட்டத்துக்கு ஒரு தீர்மானம் கொண்டுபோகிறான். ஒவ்வொரு அங்கத்தவரும் தனக்கு எந்த முறையில் இறுதிக்கிரியை வேண்டும், அல்லது ஒன்றுமே வேண்டாம் என்று ஒரு கொப்பியில் எழுதிக் கையொப்பம் வைக்க வேண்டும். ஒன்றும் வேண்டாம் என்று எழுதியவருக்கும் சங்கம் முன்னின்று, இரண்டு பேர் பேசி, தூக்கிக்கொண்டுபோக வேண்டும். செயலாளர் தயங்குகிறாராம். கூட்டம் அடுத்த மாதம். தீர்மானத்தை எழுதித் தரச்சொல்லி என்னிடம் கேட்டிருக்கிறான். அரைவாசி எழுதிவிட்டேன்.