குடல் கட்டியின் சொந்த ஊர்

பெருங்குடலில் புற்றுநோய்க் கட்டி என்றால் அது அங்கேயே தொடங்கியது என்றுதான் நாங்கள் நினைக்கிறோம். மார்பிலோ சூலகத்திலோ இரைப்பையிலோ தொடங்கிய நோயும், அரிதாக, குடலுக்குப் பரவும். பழைய நோய் குணமாகிப் பல வருஷம் கழிச்சும் அப்படி வரலாம்.

1969இல் நியூயோர்க்கில் வொல்ஃப், ஷின்யா என்ற இரண்டு வைத்தியர்கள் வயிற்றைக் கிழிக்காமல், வளையும் குழாய் விட்டே குடல் முளையை வெட்டி எடுத்தார்கள். ஆனால் குழாய் கட்டியைக் காட்டும். அது எங்கிருந்து வந்தது என்று சொல்லாது. வெட்டியெடுத்த துண்டில் எந்தப் புரதங்கள் இருக்கு என்று சாயமேற்றிப் பார்க்கணும். குடலில் பிறந்த கட்டியில் பொதுவாக சிடிஎக்ஸ்2 இருக்கும். மார்பிலிருந்து வந்ததில் பொதுவாக இராது. அதற்கேற்ப மருந்தும் மாறும்.

முருங்கனிலிருந்து பார்த்தால் இது தூரத்தின் வரலாறும்தான். நாட்டின் பெரிய புற்றுநோய் ஆஸ்பத்திரி கொழும்புக்குப் பக்கத்தில், மகரகமவில். 1990இல் நின்ற தலைமன்னார் ரயில் 2015இல்தான் திரும்பவும் கடைசி வரை ஓடியது. 2011இல் தெய்வேந்திரமுனைக்கும் பருத்தித்துறைக்கும் இடையே சனம் நடந்து சேர்த்த காசில் தெல்லிப்பழையில் ஒரு புற்றுநோய் ஆஸ்பத்திரி எழுந்தது.

இடம்பெயர்வுகளில் காணி உறுதியையே தொலைத்தவர்கள் எங்கட பக்கம் நிறைய. மருத்துவ அறிக்கை எம்மாத்திரம்? அதனால் அம்மம்மாவுக்கு முன்னர் வந்த நோயை வைத்தியரிடம் வாயாலாவது சொல்லுவோம். எந்தச் சாயத்தைப் போட்டுப் பார்ப்பது என்பதை அந்த ஒரு தகவல் தீர்மானிக்கலாம்.