கோல் யார் கையில்?



ஆழ்வார்குறிச்சியில் நின்றுகொண்டு பம்பாய் சிம்பொனி இசைக்குழுவைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். இந்தப் பக்கத்து ஊர்களில் மேளம் இல்லாமல் கொடையும் இல்லை, சாவும் இல்லை. ஆனாலும் கொட்டடித்தவரைக் கூலிக்கு வந்த ஆளாகத்தான் ஊர் பார்த்தது. உழைப்பு ஓரிடத்தில், பெயர் வேறிடத்தில். மாநகரத்து இசையிலும் இதுதான் நடந்தது.

1935இல் மெஹ்லி மேத்தா என்ற பார்சி வயலின் கலைஞர் பம்பாய் சிம்பொனி இசைக்குழுவைத் தொடங்கினார். பத்தாண்டுகள் முதல் வயலினாக அமர்ந்தார்; பிறகு கோல் பிடித்து நடத்தினார். அவர் மகன் ஜூபின் மேத்தா 1978 முதல் 1991 வரை நியூயார்க் ஃபில்ஹார்மானிக்கின் இசை இயக்குநராக இருந்தார். வரலாறு இவர்களை மறக்கவில்லை; மறக்கவும் வேண்டாம்.

அதே பம்பாயில் இசைக்குறிப்பைப் பார்த்து வாசிக்கத் தெரிந்தவர்களில் கோவா கிறித்தவர்கள் ஏராளம். போர்த்துக்கீசியர் காலத்துப் பங்குப் பள்ளிகள் அவர்களுக்கு அந்த எழுத்தைக் கற்றுக்கொடுத்திருந்தன. ஓட்டல்களிலும் சினிமா ஒலிப்பதிவுக் கூடங்களிலும் வாசித்தார்கள். இசையமைப்பாளர் பாடிக்காட்டிய மெட்டைப் பெருங்குழு வாசிப்பதற்கு ஏற்றபடி எழுதிக் கொடுத்தவர்களும் அவர்களே. படத்தில் பெயர் வந்தது இசையமைப்பாளருக்கு.

அவர்களில் ஒருவர் அந்தோணி கொன்சால்வ்ஸ். 1958இல் செயின்ட் சேவியர் கல்லூரியில் இந்திய ராகங்களைப் பெருங்குழுவுக்கு எழுதி அரங்கேற்றினார். லதா மங்கேஷ்கரும் மன்னா டேயும் பாடினார்கள். அந்தக் குழு நிலைக்கவில்லை. அவர் பெயரை நாடறியச் செய்தது 1977இல் வந்த ஒரு சினிமாப் பாட்டு. அதற்கு இசையமைத்த இரட்டையரில் ஒருவரான பியாரேலால் அவருடைய மாணவர்.

திறமைக்குக் குறைவில்லை, அதைத் தாங்கிப்பிடிக்கப் பள்ளியும் சம்பளமும் அரங்கமும் இல்லை. 2006இல் மும்பையில் இந்திய சிம்பொனி இசைக்குழு அமைந்தபோது, வாசிக்கப் பெருமளவு வெளிநாட்டிலிருந்து கலைஞர்களை அழைக்க வேண்டியிருந்தது. இங்கே கற்பிக்காததன் விலை அது.

கற்பித்தால் என்ன ஆகும்? பண்ணைப்புரத்திலிருந்து வந்த இளைஞருக்குச் சென்னையில் தன்ராஜ் மாஸ்டர் மேற்கத்திய இசையெழுத்தைக் கற்றுக்கொடுத்தார். 2025 மார்ச் 8 அன்று லண்டனில் இளையராஜாவின் சிம்பொனியை ராயல் ஃபில்ஹார்மானிக் வாசித்தது. சென்னையில் ஏ.ஆர். ரகுமானின் சன்ஷைன் இசைக்குழு ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கற்றுக்கொடுக்கிறது.

ஒரு வாத்தியார் செய்ததையும் ஓர் அறக்கட்டளை செய்வதையும் அரசு ஏன் செய்யக்கூடாது? தாமிரபரணிக் கரை அரசுப் பள்ளிகளில் பறையும் வயலினும் ஒரே வகுப்பறைக்குள் வரட்டும். இரண்டின் எழுத்தையும் எல்லாப் பிள்ளைகளும் படிக்கட்டும். நம் பிள்ளைகள் வாசிக்க மட்டுமல்ல, நடத்தவும் பிறந்தவர்கள். பறையடிக்கும் குச்சியைப் பிடித்த கைக்கு அந்தக் கோல் கனமாக இருக்காது.