நம்ம ராட்சசனுக்குப் புலித்தலை!

'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' மேசை விளையாட்டுக்காக கேரி கைகாக்ஸ் 1977-ல் எழுதிய பூதத் தொகுப்பு 'மான்ஸ்டர் மேனுவல்'. அதில் நம்ம ராட்சசனும் உண்டு. ஆனால் படத்தில் புலித்தலை. மந்திரித்த அம்பு பட்டால் சாவு. இந்த அம்புக் கதை ராமாயணத்திலிருந்து வரவில்லை. 1974-ல் ஒளிபரப்பான ஓர் அமெரிக்க டி.வி. தொடரிலிருந்து வந்தது!

1981-ல் வந்த 'ஃபீன்ட் ஃபோலியோ' கூட்டு முயற்சி. பிரிட்டனின் 'ஒயிட் டுவார்ஃப்' இதழுக்கு வாசகர்கள் அனுப்பிய பூதங்கள் பலவற்றை டான் டர்ன்புல் அதில் தொகுத்தார். படைத்தவர்கள் பெயரும் அச்சானது.

நம்ம பேய்களுக்கு? 2020-ல் ராகேஷ் கன்னாவும் ஜே. ஃபர்சிஃபர் பைரவும் சேர்ந்து 'கோஸ்ட்ஸ், மான்ஸ்டர்ஸ் அண்ட் டீமன்ஸ் ஆஃப் இந்தியா' என்று ஆங்கிலத்தில் தொகுத்தார்கள். வெளியிட்டது சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம். அது விளையாட்டு நூல் அல்ல. ஆனாலும் தாம்பரத்தில் நாலு பேர் சேர்ந்து பூதத் தொகுப்பு எழுத உட்கார்ந்தால், நம்ம ராட்சசனுக்காக இனி அமெரிக்க டி.வி.யை நம்ப வேண்டாம்.